சேர்வராயன் மலையில் வாழைப்பழக் கேக்: அடுப்பும் குளிரும் வகுத்த வரலாறு

சேலம் நகருக்கு வடகிழக்கே எழும் சேர்வராயன் மலையில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ள ஏற்காட்டின் வரலாறு பெரும்பாலும் காப்பியின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. 1883இல் லெஃபானு தொகுத்த சேலம் மாவட்டக் கையேடும், 1918இல் எஃப். ஜே. ரிச்சர்ட்ஸ் எழுதிய சேலம் மாவட்ட விவரத் தொகுப்பும் நிலம், வரி, வனம், தோட்டப்பயிர் ஆகியவற்றை ஆட்சியாளரின் தேவை கருதிப் பதிவு செய்த நூல்கள். காப்பித் தோட்ட வீடுகளின் பின்கட்டில் எரிந்த அடுப்புகளும் அவற்றின் முன் நின்ற சமையற்காரர்களும் அந்நூல்களின் நோக்கத்துக்குள் வருபவர்கள் அல்லர். எனினும் ஒரு மலைவாழிடம் எவ்வாறு உருவானது, வெளியிலிருந்து வந்த எது அங்கே வேரூன்றியது, எது வந்த சுவடின்றி மறைந்தது என்பவற்றை அறிய அடுப்படியைக் காட்டிலும் நல்ல சான்று அரிது. இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் பண்டம் எளியது: கனிந்த வாழைப்பழத்தை மசித்து, மைதா, சர்க்கரை, முட்டை, கொழுப்பு ஆகியவற்றுடன் கலந்து, முந்திரி போன்ற பருப்புகளைத் தூவி, அகன்ற செவ்வகத் தட்டில் ஒரே அடுக்காக வேகவைத்து, ஆறியபின் மேலே ஐசிங் எனப்படும் சர்க்கரைப் பூச்சைத் தடவி, சதுரத் துண்டுகளாக நறுக்கும் வீட்டுக் கேக்.

ஐரோப்பியர் வருமுன் இம்மலையில் வாழ்ந்தவர்கள் மலையாளிகள் என்று அழைக்கப்படும் பழங்குடியினர். மலையை ஆள்பவர் என்ற பொருளில் வழங்கும் இப்பெயருக்கும் கேரளத்துக்கும் தொடர்பில்லை; தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பதே இம்மக்களின் மரபு வழக்கு. சேலநாடு, முட்டநாடு, மோகநாடு எனப் பிரிந்திருந்த அவர்களின் ஊர்களில் கேழ்வரகும் சாமையும் தினையும் உணவாக இருந்தன. அவற்றைக் களியாகக் கிளறினர், சோறாக வடித்தனர், கூழாகக் காய்ச்சினர். நாற்புறமும் மூடிய உலர்ந்த வெப்பத்தில் மாவை வேகவைக்கும் முறைக்கு அங்கே தேவை எழவில்லை. சமவெளித் தமிழகத்திலும் நிலை பெரிதும் இதுவே. ஆயினும் மசித்த வாழைப்பழத்தை மாவுடன் சேர்த்தால் பண்டம் மென்மை பெறும் என்பதைத் தமிழ் அடுப்படி நெடுங்காலமாக அறிந்திருந்தது. அரிசி மாவும் வெல்லப்பாகும் சேர்ந்த அப்ப மாவில் ஒரு பழத்தைப் பிசைந்து விடுவது இன்றும் கார்த்திகைத் திருநாள் வழக்கம். பழனிப் பஞ்சாமிர்தத்தில் விருப்பாட்சி மலைவாழைப்பழம் நாட்டுச் சர்க்கரை, நெய், பேரீச்சை, கற்கண்டு, ஏலம் ஆகியவற்றுடன் பிசையப்பட்டு, நீர் சேர்க்காததாலும் சர்க்கரையின் மிகுதியாலும் பல நாள் கெடாமல் நிற்கிறது. ஆகவே பின்னாளில் வாழைப்பழக் கேக் இம்மலைக்கு வந்தபோது, அதில் புதிதாக இருந்தவை மைதாவும், மாவை எழுப்பும் உப்பும், மூடிய அடுப்புமே. பழத்தைப் பிசையும் கைக்கு அந்த வேலை பழகியதாகவே இருந்தது.

திப்பு சுல்தானுடன் 1792இல் செய்துகொள்ளப்பட்ட உடன்படிக்கையால் சேலமும் பாராமகால் பகுதியும் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தன. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த எம். டி. காக்பர்ன் இம்மலையில் காப்பியைப் பயிரிட்டுப் பார்த்தார்; பேரி, ஆப்பிள் போன்ற குளிர்நாட்டுப் பழமரங்களைக் கொண்டுவந்து வைத்தவரும் அவரே என்பதால் ஏற்காட்டின் தந்தை என்ற பெயர் அவருக்கு நிலைத்தது. அவர் தொடங்கிய கிரேஞ்ச் தோட்டம் மலையின் பழைய தோட்டங்களுள் ஒன்று. அடுத்த சில பத்தாண்டுகளில் ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் பலர் குடியேற, 1853இல் ஹோலி டிரினிட்டி தேவாலயம் எழும் அளவுக்கு ஏற்காடு ஒரு சிற்றூராக வளர்ந்தது. 

இக்குடியேறிகளின் உணவு மேசைக்கு வேண்டியவற்றில் மிகச் சிலவே மலையில் கிடைத்தன. கோதுமை மாவும் வெள்ளைச் சர்க்கரையும் உலர்திராட்சையும் தகரத்தில் அடைத்த வெண்ணெயும் சென்னையிலிருந்து மாட்டுவண்டியில் வந்து, மலையடிவாரத்திலிருந்து கூலியாட்களின் தலைச்சுமையாகவும் பொதிமாடுகளின் முதுகிலும் மேலேறின. 1860களின் தொடக்கத்தில் சென்னையிலிருந்து மேற்குக் கரை நோக்கி அமைந்த இருப்புப்பாதை சேலத்தைத் தொட்டபின் சமவெளிப் பயணம் நாட்கணக்கிலிருந்து மணிக்கணக்காகச் சுருங்கியது. ஆனால் அடிவாரத்திலிருந்து மேலே செல்லும் வழி கடினமாகவே நீடித்தது. இன்று 20 கொண்டை ஊசி வளைவுகளுடன் உள்ள மலைச்சாலையில் அரைநாள் கூடத் தேவைப்படாத பயணத்துக்கு அன்று குதிரையோ டோலியோ வேண்டியிருந்தது. இச்சூழலில் கேக் என்பது பொருளின் விலையாலும் வழியின் கடுமையாலும் கிறிஸ்துமஸ், திருமணம், ஞானஸ்நானம் ஆகிய நாட்களுக்கு மட்டும் உரிய பண்டமாக இருந்ததில் வியப்பில்லை.

அக்கேக்கைச் செய்தவர் யார் என்ற வினாவுக்கு அக்காலச் சமையல் நூல்கள் மறைமுகமாக விடை தருகின்றன. சென்னை குதிரைப்படையில் பணியாற்றிய கென்னி ஹெர்பர்ட், வைவர்ன் என்ற புனைபெயரில் எழுதி 1878இல் சென்னையில் வெளியிட்ட சமையற்குறிப்பு நூல் சென்னை மாகாணத்து ஐரோப்பியக் குடும்பங்களின் வழிகாட்டியாக விளங்கியது. அதில் அவர் சமையற்காரர் அனைவருக்கும் ராமசாமி என்ற ஒரே பெயரைச் சூட்டிப் பேசுகிறார். துரைசானி ஆணையிட, ராமசாமி செய்துமுடித்தார். எழுத்தில் பதிவானது ஆணையே, செயல் அன்று. ஐரோப்பியச் சமையல் இந்நாட்டில் பரவியதற்கு உண்மையான காரணர்கள் இந்தப் பெயரற்ற ராமசாமிகளும், பட்லர்களும், அவர்களுக்கு உதவிய மேட்டிகள் எனப்பட்ட எடுபிடிகளுமே என்பதில் ஐயத்துக்கு இடமில்லை. எழுதப் படிக்கத் தெரியாத நிலையிலும் அளவுகளை மனத்தில் இருத்தி, அந்நியப் பண்டம் ஒன்றை உள்ளூர் அடுப்பில் வேகவைத்துக் காட்டியது சிறிய திறமையன்று.

அந்த அடுப்பின் அமைப்பை நுணுகிப் பார்ப்பது தகும். பெரிய பங்களாக்களில் செங்கல்லும் மண்ணும் கொண்டு கூடுபோலக் கட்டிய ரொட்டியடுப்பு இருந்தது. உள்ளே விறகை எரித்து, கல் நன்கு சூடேறியதும் தணலை வாரி வெளியே தள்ளி, கல்லில் தேங்கிய வெப்பத்தில் மட்டும் பண்டத்தை வேகவைப்பர். அத்தகைய அடுப்பு இல்லாத இடங்களில், அடி கனத்த செம்புத் தேக்சாவைத் தணலின் மேல் வைத்து, மூடியின் மேலும் கரித்துண்டுகளைப் பரப்பி, மேலிருந்தும் கீழிருந்தும் வெப்பம் படச் செய்தனர். வெப்பமானி இல்லை, உள்ளே கையை நீட்டி எத்தனை எண்ணும் வரை தாங்க முடிகிறது என்பதையோ, ஒரு சிட்டிகை மாவைத் தூவி அது எவ்வளவு விரைவில் சிவக்கிறது என்பதையோ வைத்துச் சூட்டை மதிப்பிட்டனர். இத்தகைய அடுப்பில் உயரமான கேக்கின் நடுப்பகுதி வேகுமுன் ஓரம் கருகிவிடும். தட்டையான தட்டில் மாவை இரண்டு விரற்கடை அளவுக்கு மேற்படாமல் ஊற்றினால் வெப்பம் நடுவரை எளிதில் சென்றுவிடும். வாழைப்பழத்தின் எடையில் முக்கால் பங்கு நீரே என்பதால், பழம் சேர்ந்த மாவுக்குத் தட்டையான தட்டு மேலும் பொருந்துகிறது.

மாவை எழுப்பும் பொருளும் ஒரு சிக்கலாக இருந்தது. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் ரொட்டி மாவைப் புளிக்கவைக்கக் கள்ளே பயன்பட்டது. பனைமரமும் தென்னையும் வளராத மலையுச்சியில் புதுக்கள் கிடைப்பது அரிது. அடிவாரத்திலிருந்து கொண்டுவந்தாலும் வழியிலேயே புளிப்பேறிவிடும். 1843இல் இங்கிலாந்தில் ஆல்ஃபிரட் பேர்ட் உருவாக்கிய பேக்கிங் பவுடர், அதாவது சோடா உப்பும் உலர்ந்த அமிலப் பொடியும் கலந்து, ஈரம் பட்டவுடன் கரியமில வாயுவை வெளிவிடும் தூள், இத்தகைய இடங்களுக்கெனவே அமைந்ததுபோலப் பயன்பட்டது. டப்பாவில் அடைத்து ஆண்டுக்கணக்கில் வைத்திருக்கலாம். புளிக்கும் நேரம் காத்திருக்க வேண்டியதில்லை.

மேற்குக் கரையில் இதே காலத்தில் நடந்த ஒன்று ஒப்பிடத்தக்கது. தலச்சேரியில் மாம்பள்ளி பாப்பு 1880இல் தொடங்கிய பிஸ்கட் தொழிற்சாலைக்கு, 1883ஆம் ஆண்டின் இறுதியில் அஞ்சரக்கண்டித் தோட்டத்து முர்டாக் பிரவுன் இங்கிலாந்துக் கேக் ஒன்றைக் கொண்டுவந்து, அதுபோல ஒன்றைச் செய்யுமாறு கேட்டார் என்றும், பிராந்திக்குப் பதிலாக முந்திரிப்பழத்தையும் கதலி வாழைப்பழத்தையும் கொண்டு வடித்த உள்ளூர்ச் சாராயத்தைப் பாப்பு சேர்த்தார் என்றும் அக்குடும்பத்தார் வழிவழியாகச் சொல்லி வருகின்றனர். தோட்டக்காரரின் விருப்பமும் உள்ளூர்க்காரரின் கைவண்ணமும் சந்தித்த இடத்தில் வாழை தானாகவே உள்ளே நுழைந்திருப்பது இந்நிகழ்வில் கவனிக்க வேண்டிய செய்தி. பாப்புவின் பெயர் எஞ்சியது, அவர் கடை வைத்திருந்ததால். பங்களா அடுப்படியில் அதே வேலையைச் செய்தவர்களுக்கு அந்த வாய்ப்பு இருக்கவில்லை.

ஏற்காட்டில் கேக் தோட்ட பங்களாக்களைத் தாண்டிப் பரவியதற்கு விடுதிப் பள்ளிகளும் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களும் வழிவகுத்தன. குளூனி கன்னியர் 1894இல் நிறுவிய சேக்ரட் ஹார்ட் பள்ளியும், கேபிரியேல் சபைத் துறவியர் 1917இல் தொடங்கிய மாண்ட்ஃபோர்ட் பள்ளியும் மலையில் ரொட்டிக்கும் வெண்ணெய்க்கும் முட்டைக்கும் நிலையான தேவையை உண்டாக்கின. இரயில்வேயில் பணியாற்றி ஓய்வுபெற்ற ஆங்கிலோ இந்தியரும் குளிர்ச்சியை நாடி இங்கே வீடு கொண்டனர். அவர்களின் கிறிஸ்துமஸ் பலகாரத் தட்டில் பிளம் கேக்குடன் குல்குல் எனப்படும் சர்க்கரை பூசிய மாவுச் சுருள்களும், அச்சு முறுக்கை ஒத்த ரோஸ் குக்கிகளும் இடம்பெற்றன. தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்கள் இத்தட்டை அண்டை வீடுகளுக்கு அனுப்பும் வழக்கத்தைத் தீபாவளிப் பலகாரம் பகிரும் பழைய வழக்கத்தோடு இயல்பாக இணைத்துக்கொண்டன.

வாழைப்பழக் கேக்கின் இன்றைய வடிவம் அமெரிக்காவில் பிறந்தது. 1870களுக்குப்பின் கரீபியத் தீவுகளிலிருந்து கப்பலில் வந்த வாழைப்பழம் அங்கே மலிந்தது. 1930களின் பொருளாதார வீழ்ச்சியில் கறுத்த பழத்தையும் வீணாக்க மனமில்லாத குடும்பத்தலைவிகளுக்கென மாவு நிறுவனங்களும் பழ நிறுவனங்களும் வாழைப்பழ ரொட்டியின் குறிப்புகளை அச்சிட்டுப் பரப்பின. ஆசியாவில் தோன்றிய பழம் மேற்குலகைச் சுற்றி, சமையற்குறிப்பாக மாறித் தன் சொந்த நிலத்துக்கே திரும்பியது. சேர்வராயனில் வாழை காப்பிச் செடிகளினூடே வளர்வது. இளஞ்செடிக்கு நிழல் தரும், குலை தள்ளியபின் வெட்டப்படும், அடுத்த கன்று அதன் இடத்தைப் பிடிக்கும். ஆகவே தோட்டத்து வீட்டில் பழம் ஒன்று இரண்டாகக் கனிவதில்லை. ஒரு தார் முழுவதும் ஒரே வாரத்தில் கனிந்துவிடும். பிளம் கேக்குக்கு வேண்டிய உலர்பழம் கடைச்சரக்காக மேலேற வேண்டியிருக்க, வாழைக்கேக்குக்கு வேண்டிய முதன்மைப் பொருள் கொல்லைப்புறத்திலேயே தேங்கிக் கிடந்தது. கேக் திருநாள் பண்டம் என்ற நிலையிலிருந்து வாரநாள் பண்டமாக இறங்கியதற்கு இதுவே முதற்காரணம் எனக் கொள்ளலாம்.

மலையின் உயரம் செய்முறையையும் மாற்றுகிறது. 1,500 மீட்டரில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. நீர் 95 பாகை செல்சியஸ் அளவிலேயே கொதித்துவிடும். இதனால் மாவுக்குள் உண்டாகும் வாயு அளவுக்கு மீறி விரிந்து, மாவு இறுகி நிலைபெறுமுன் கேக் உப்பி எழுந்து, பின் நடுவில் குழிந்துவிடும். சமவெளிக் குறிப்பை அப்படியே பின்பற்றுவோர் மலையில் இக்குழியைத் தவிர்ப்பது கடினம். சோடா உப்பைக் குறைத்து, சர்க்கரையைச் சற்றுக் குறைத்து, அடுப்பின் சூட்டைச் சிறிது கூட்டுவதே இதற்குப் பரிகாரம். வாழைப்பழம் இங்கே மற்றோர் உதவியும் செய்கிறது. காயில் எடையில் 20 சதவீதத்துக்கும் மேல் உள்ள மாவுச்சத்து பழுக்கும்போது பெரும்பாலும் சர்க்கரையாக மாறிவிடுவதால், தோல் கறுத்த பழத்தைச் சேர்த்தால் வெள்ளைச் சர்க்கரையைத் தாராளமாகக் குறைக்கலாம். மலைக்காற்றில் விரைவாக ஈரம் இழக்கும் கேக்கைப் பழத்தின் நீர் உலராமல் காக்கும். பழத்தின் இலேசான அமிலம் சோடா உப்பைத் தூண்டி வாயுவை எழுப்பும். மார்கழிக் குளிரில் மட்டும் ஒரு தடை உண்டு. 13 பாகைக்குக் கீழே குளிர் இறங்கும் இரவுகளில் வாழைக்காய் பழுப்பதற்குப் பதிலாகத் தோல் கறுத்து உள்ளே விறைத்துப் போகும். அந்நாட்களில் தாரைச் சாக்கில் சுற்றி அடுப்பங்கரைக்கு அருகே வைப்பதும், சமவெளியில் செய்வதுபோலப் புகைமூட்டம் போட்டுப் பழுக்கவைப்பதும் தேவையாயின.

மேற்பூச்சான ஐசிங்கின் கதை இவற்றினும் சிறப்பானது. முட்டை வெண்கருவில் பொடித்த சர்க்கரையை அடித்து இறுகச் செய்யும் வகை எங்கும் நிற்கும். ஆனால் அது கல்லாக இறுகி, மென்மையான வாழைப்பழக் கேக்குக்குப் பொருந்தாது. வெண்ணெயையும் பொடித்த சர்க்கரையையும் நுரைக்க அடித்துச் செய்யும் மென்பூச்சே அதற்கு உரியது. வெண்ணெயோ 32 முதல் 35 பாகைக்குள் உருகிவிடும். கோடையில் 37 பாகையைத் தாண்டும் சேலத்தில், குளிர்பெட்டி பரவுமுன், இப்பூச்சைத் தடவிய கேக்கை ஒரு மணி நேரம் மேசைமேல் வைத்திருக்க இயலாது. அங்கிருந்து 30 கிலோமீட்டர் தொலைவில், அந்நகரைவிட 1,200 மீட்டருக்கும் மேல் உயரத்தில் உள்ள ஏற்காட்டில் வெயிலின் கடுமை ஏழெட்டுப் பாகை குறைந்துவிடுவதால் அதே பூச்சு கலையாமல் நிற்கும். ஆகவே வெண்ணெய்ப் பூச்சுடன் கூடிய கேக்கை மலைவாழிடங்களின் சொந்தப் பண்டம் என்றே சொல்ல வேண்டும். சமவெளியால் அதனை நெடுங்காலம் பெற முடியவில்லை. 1937இல் டால்டா என்ற பெயரில் சந்தைக்கு வந்த வனஸ்பதி வெப்பத்தைக் கூடுதலாகத் தாங்கியதால் சமவெளி பேக்கரிகள் அதனைக் கொண்டு கிரீம் கேக் செய்யத் தலைப்பட்டன. நாவில் ஒட்டிக்கொள்ளும் அக்கொழுப்பை வெண்ணெய்க்கு நிகராக ஏற்பது கடினம்.

விடுதலைக்குப்பின் ஐரோப்பியத் தோட்டங்கள் படிப்படியாக இந்தியர் கைக்கு மாறியபோது, பங்களாச் சமையற்காரர்களின் கைத்திறன் பள்ளிகளுக்கும் விடுதிகளுக்கும் சொந்த வீடுகளுக்கும் இடம்பெயர்ந்தது. 1950களின் இறுதியில் பிரெஷர் குக்கர் இந்தியாவிலேயே தயாராகத் தொடங்கியபின், அதன் அடியில் மணலையோ உப்பையோ பரப்பி, வெயிட் போடாமலும் காஸ்கெட்டை நீக்கியும் கேக் வேகவைக்கும் முறை தமிழ் வீடுகளில் பரவியது; மூடியின் மேல் தணல் பரப்பிய தேக்சாவின் அறிவு இதில் வேறு உருவில் தொடர்வதைக் காணலாம். அலுமினியத்தாலான வட்ட மின் அடுப்பு அதன்பின் வந்தது. 1965இல் வெளியான தங்கம் பிலிப்பின் சமையற்கலைப் பாடநூல் கேக் வகைகளை வகுப்பறைக்குள் கொண்டுசென்றது. முன்பு சேலம் மாவட்டத்தின் பகுதியாக இருந்து 1997இல் தனி மாவட்டமான நாமக்கல், கோழிப்பண்ணைகளின் பெருக்கத்தால் முட்டையை மலிவாக்கியது. குறிப்புகளில் சொல்லப்படும் அக்ரூட் பருப்பு காஷ்மீரிலிருந்து வரவேண்டியிருந்தமையால், அதன் இடத்தைப் பண்ருட்டி முந்திரியும் வறுத்து உடைத்த நிலக்கடலையும் பிடித்துக்கொண்டன. மேனாட்டுக் குறிப்புகளில் வரும் பாலாடைக்கட்டிப் பூச்சுக்குப் பதிலாக, துணியில் கட்டித் தொங்கவிட்டு நீரை வடித்த தயிரில் சர்க்கரை சேர்த்துத் தடவுவோர் உளர். அதன் இலேசான புளிப்பு வாழைப்பழத்தின் திகட்டும் இனிப்பை அடக்குவதால், இம்மாற்று மூலத்தைவிடச் சிறந்தது என்றே மதிப்பிடத் தோன்றுகிறது.

காக்பர்ன் நட்ட மரங்களுக்கும் தேவாலயத்தின் கற்களுக்கும் ஆவணம் உண்டு. அடுப்படியின் ஆவணம் வேறு வகையானது: எண்ணெய் பட்டு மஞ்சளித்த பள்ளிநோட்டுகளில், ஆங்கிலமும் தமிழும் கலந்த எழுத்தில், ஆழாக்கும் அவுன்சும் அடுத்தடுத்து வரும் கைக்குறிப்புகளாக அது தோட்ட வீடுகளிலும் பழைய சமையற்காரர் குடும்பங்களிலும் சிதறிக் கிடப்பது; பெரும்பாலானவை வீடு மாறும்போதும் பழைய தாள் விற்கும்போதும் அழிபவை. சேர்வராயன் மலையில் இத்தகைய நோட்டு ஒன்றை வைத்திருக்கும் குடும்பத்தார் அதனைப் படியெடுத்து, குறிப்பைச் சொன்னவர் பெயரையும் செய்தவர் பெயரையும் ஊரையும் ஆண்டையும் முதற்பக்கத்தில் எழுதி, சேலத்தில் உள்ள நூலகம் ஒன்றிலோ கல்லூரி வரலாற்றுத் துறையிலோ ஒப்படைக்க வேண்டும்.